வன்னியில் இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு

கேள்வி இதுதான்: "குடும்பத்தோடு இலங்கை வருகிறோம். கொழும்பு, தெற்குக் கடற்கரை, எல்ல எல்லாம் முடித்து யாழ்ப்பாணம் போகிறோம். வழியில் வன்னி வருகிறது. அங்கே சுற்றிப் பார்க்க, நல்லதாகச் சாப்பிட, இரவில் வெளியே போக ஏதாவது உண்டா, இல்லை அந்தத் தூரத்தைத் தூங்கியே கடந்துவிடலாமா?"

ஏற்கெனவே நாலைந்து பேர் "தூங்கலாம், அங்கே காடும் வயலும் தவிர ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் இந்த வன்னியில், முள்ளியவளையில் பிறந்தவள், இன்றும் முல்லைத்தீவு மாவட்டத்தில்தான் இருக்கிறேன். ஹோட்டல் நடத்தவில்லை, வாகனம் வாடகைக்கு விடவில்லை. யாழ்ப்பாணத்தைக் குறைத்துச் சொல்லவும் வரவில்லை. நல்லூரும் நயினாதீவும் பார்க்க வேண்டிய இடங்கள்தான், கட்டாயம் போங்கள்.

நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிள்ளைகளும் வயதான ஒருவரும் கூட இருப்பார்கள். அப்படியானால் இரவு ஆட்டம் பாட்டு வேண்டுமென்றால் ஹிக்கடுவையிலோ மிரிஸ்ஸவிலோ முடித்துக்கொண்டு வாருங்கள். இங்கே கிளப் கிடையாது, கடற்கரையில் விளக்குப் போட்டு மேசை போடும் கடைகளும் கிடையாது. ஆனால் எங்களுக்கு இரவே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள், கனடாவில் இருக்கிறாள். சின்ன வயதில் இங்கிருந்து போனவள். கணவர் மதுரைக்காரர். ஒரு வைகாசி மாதம் பிள்ளைகளோடு வந்தார்கள். கொழும்பிலிருந்து வான் பிடித்து நேரே யாழ்ப்பாணம், அங்கே அறையெல்லாம் போட்டாயிற்று. வவுனியா தாண்டும்போது எனக்கு போன்: "மச்சாள், மாங்குளம் சந்திக்கு வாங்கோவன், ரோட்டிலேயே பார்த்திட்டுப் போறம்." சொந்த ஊர் சந்தியிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கும் குறைவு. அதற்குள் திரும்பாமல் ரோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போவாளாம். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "இண்டைக்கு வற்றாப்பளைப் பொங்கல். அம்மன் வாசலைத் தாண்டி எங்கை போறாய்? வீட்டை வா" என்றேன். வந்தார்கள்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் நந்திக்கடல் என்ற கடல்நீர் ஏரியின் ஓரத்தில் இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் ஒரு கிழவி வடிவில் இங்கே வந்தாள், மாடு மேய்த்த பொடியன்கள் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள், விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றபோது கடல் தண்ணீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள், விளக்கு எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னபோது தலையெங்கும் கண்களைக் கண்டு பயந்தார்கள் என்பது கதை. இன்றும் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரிலேயே விளக்கு எரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பொங்கல், திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல். இதற்கு விஞ்ஞான விளக்கம் கேட்டு யாரும் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாக அந்த விளக்கின் முன்னால் நின்றிருக்கிறது, நானும் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அன்றிரவு நாங்கள் போனபோது வழியெல்லாம் உழவு இயந்திரங்கள் (டிராக்டர்கள்). இழுவைப் பெட்டியில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகச் சனம். காவடி, பாற்செம்பு, தீச்சட்டி. தண்ணீர்ப் பந்தலில் பெடியள் வழி மறித்து மோரும் சர்க்கரைத் தண்ணீரும் தருகிறார்கள், குடிக்காமல் போக விடமாட்டார்கள். மச்சாளின் மகளுக்குப் பதினைந்து வயதிருக்கும். வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவள், கச்சான் (வேர்க்கடலை) வறுக்கும் இடத்தில் நின்றுவிட்டாள். பெரிய தாச்சியில் மணல் கொதிக்கிறது, அதற்குள் கச்சானைக் கொட்டி அகப்பையால் கிளறுகிறார் ஒரு அம்மா, கை நிற்கவே இல்லை. கோது கருகும் மணம் வந்ததும் அரிதட்டில் அள்ளி மணலை உதறிவிட்டு, சுடச்சுட பேப்பர்ச் சுருளில் போட்டுக் கொடுத்தார். "பிள்ளை, ஊதி ஊதிச் சாப்பிடு" என்றார். பிள்ளைக்கு அந்தத் தமிழ் விளங்கியது.

இரவு இரண்டு மணிக்கு அவளும் என் மகளும் தனியாக வளையல் கடைகளில் நின்றார்கள். நானும் மச்சாளும் மணலில் காலை நீட்டி இருந்து கதைத்தோம். பயம் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. ஒரு பெண் பிள்ளை நடுச்சாமத்தில் ஆயிரக்கணக்கான சனத்துக்குள் பயமில்லாமல் நடக்கக்கூடிய இடத்தைத்தான் நான் இரவு வாழ்க்கை என்பேன். விடியும் நேரத்தில் மதுரைக்காரர் என்னிடம் வந்து, "எங்க ஊர்ல இருந்து கோபமா கிளம்பினவங்களை நீங்க இத்தனை காலம் பொங்கிப் போட்டு ஆத்தி வச்சிருக்கீங்க அக்கா" என்றார். கண் கலங்கியிருந்தது. யாழ்ப்பாண அறைக்கு அடுத்த நாள்தான் போனார்கள்.

நீங்கள் வைகாசியில் வராவிட்டால் இது கிடைக்காது, உண்மை. ஆனால் எந்த மாதமும் எங்காவது ஒரு கோயிலில் திருவிழா இருக்கும், கூத்தோ மேளக்கச்சேரியோ இருக்கும். ஓகஸ்ட் நடுப்பகுதி என்றால் மன்னார்ப் பக்கம் மடு மாதா கோயில் திருவிழா, ஓகஸ்ட் 15. காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கும் சனத்தில் தமிழரும் சிங்களவரும் இருப்பார்கள். தங்குமிடத்தில் "இண்டைக்கு எங்கை திருவிழா?" என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே பெரிய உணவகங்களைத் தேடாதீர்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பெண்கள் சேர்ந்து நடத்தும் அம்மாச்சி உணவகங்கள் இருக்கின்றன. கண் முன்னால் தோசை சுடுவார்கள், குரக்கன் (கேழ்வரகு) புட்டும் இலைக்கஞ்சியும் உழுந்து வடையும் கிடைக்கும், விலை உங்கள் பையைக் கடிக்காது. மத்தியானம் முல்லைத்தீவு நகரில் ஒரு சோற்றுக்கடைக்குப் போய் நந்திக்கடல் இறால் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் குழம்பில் தூள் வறுத்து அரைத்தது, உறைப்பு உங்கள் ஊர்க் குழம்பைவிடக் கூட, பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பால் சொதி கேட்டு வாங்குங்கள். ஒரு மணிக்கு முன்னால் போங்கள். சின்னக் கடைகளில் சமைத்தது முடிந்தால் முடிந்ததுதான். எருமைத் தயிர் சட்டியோடு வாங்கிப் பனங்கட்டி கடித்துக்கொண்டு சாப்பிடலாம். கோடையில் வந்தால் பாலைப்பழம். பேணியால் அளந்து தருவார்கள், தேன் போல இனிக்கும், பால் உதட்டில் பசையாக ஒட்டும், அதற்குத் துளித் தேங்காயெண்ணெய் தடவினால் போய்விடும். கள்ளு வேண்டுமென்பவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கத் தவறணைகள் உண்டு, ஆனால் போயா (பௌர்ணமி) தினத்தில் நாடு முழுக்க மதுவிற்பனை இல்லை, அதைப் பார்த்து வாருங்கள். காட்டிறைச்சி மட்டும் கேட்காதீர்கள். மானும் மரையும் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம், வருகிறவர்கள் கேட்பதால்தான் அந்த வியாபாரம் நடக்கிறது.

பார்க்க: ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில், பக்கத்தில் கற்சிலைமடு. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பண்டார வன்னியன், அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் வொன் டிறிபேர்க் என்ற தளபதியிடம் தோற்ற இடம், நினைவுக்கல் உண்டு. இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரம் நடக்கலாம். மன்னார்ப் பக்கம் போனால் திருக்கேதீச்சரம், பெருக்க மரம் (பாவோபாப்), குளிர் மாதங்களில் வங்காலையில் பூநாரைக் கூட்டம். மன்னாரை ஒரு தனி நாளாக வையுங்கள்.

சண்டை நடந்த இடங்களைப் பற்றியும் கேட்பீர்கள். முள்ளிவாய்க்கால் வற்றாப்பளையிலிருந்து தூரமில்லை. போகலாம். ஆனால் அது எங்கள் சுடலை, அங்கே நின்று சிரித்துப் படம் எடுக்காதீர்கள். மே 18ஐ ஒட்டிய நாட்களில் வந்தால் வீதியோரத்தில் யாராவது ஒரு கோப்பைக் கஞ்சி நீட்டுவார்கள். அரிசி, தண்ணீர், உப்பு, வேறொன்றும் இல்லை. 2009இல் அதுதான் உயிரை வைத்திருந்தது. வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடியுங்கள்.

"தூங்கியே கடந்துவிடலாமா" என்று கேட்டீர்கள் அல்லவா, அதில் எனக்கு வேறொரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மாட்டேன். கொழும்பிலிருந்து வரும் ஒரு தனியார் இரவு பஸ்ஸில் என் அம்மா மாங்குளத்துக்கு ரிக்கற் கேட்டார். யாழ்ப்பாணம் வரைக்குமான முழுக்காசு வாங்கினார்கள். "இடையிலை இறங்கினாலும் ஒரே காசுதான் அம்மா" என்று பதில். கண் ஒப்பரேஷன் செய்த மனுஷியை விடிய மூன்று மணிக்குச் சந்தியில் இறக்கிவிட்டுப் போனார்கள், நான் போய்ச் சேரும்வரை பூட்டிய கடை வாசலில் குந்தியிருந்தார். போகாத தூரத்துக்கும் காசு கொடுக்க நாங்கள் என்ன பாவம் செய்தோம்? வன்னியென்றால் எல்லாருக்கும் கடந்து போகிற ரோட்டுத்தான். உங்கள் கேள்வி எனக்குச் சுட்டதும் அதனால்தான். உங்கள் மேல் கோபமில்லை.

போக்குவரத்துக்கு யாழ்தேவி ரயில் நல்லது, கிளிநொச்சியில் நிற்கும். 1990இல் வவுனியாவோடு நின்றுபோன பாதை 2013இல் கிளிநொச்சி வரைக்கும் 2014இல் யாழ்ப்பாணம் வரைக்கும் திரும்ப வந்தது. வானில் வந்தால் மாங்குளம் ஒட்டுசுட்டான் வீதியை இருட்டுமுன் கடந்துவிடுங்கள், யானை குறுக்கிடும். கண்ணிவெடி அபாயப் பலகை எங்கே கண்டாலும் வீதியை விட்டு இறங்காதீர்கள். மாங்குளத்தில் திரும்பாமல் நேரே போனால் முறிகண்டிப் பிள்ளையாரிடம் எந்த வாகனமும் நிற்கும், உங்கள் சாரதியும் தானாகவே நிறுத்துவார்.

வாடகை பேசும்போதே சாரதியிடம் "மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு போய் ஒரு இரவு தங்கிப் பிறகு புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாக யாழ்ப்பாணம்" என்று தெளிவாகச் சொல்லி, அந்த மேலதிகத் தூரத்தையும் இரவுக் காசையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். பிறகு நடுவழியில் தகராறு வராது.