படை அனுப்பும் அதிகாரம் குறித்து ஆராய விரும்பும் மகளுக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள ஐயா,

வெளிநாட்டில் படையை இறக்கும் முடிவு நாடாளுமன்றத்துக்கு உரியதா, அரசுக்கு உரியதா என்பதையே ஆராய விரும்பும் தங்கள் மகள், பிளஸ் டூ முடித்ததும் அரசியல் அறிவியலில் சேர எண்ணுகிறார்; அதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று தாங்கள் அஞ்சுகிறீர்கள். அவர் சேர வேண்டியது ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் என்பதே என் கருத்து. பிழைப்பை மட்டும் எண்ணி இதைச் சொல்லவில்லை.

அமெரிக்க அரசியலமைப்பு, போர் அறிவிக்கும் அதிகாரத்தை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கும் படைத் தலைமையை அதிபருக்கும் பிரித்துத் தந்திருக்கிறது. ஆயினும் காங்கிரஸ் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942-இல்தான். கொரியாவும் வியட்நாமும் அப்படியோர் அறிவிப்பு இல்லாமலே நடந்தன. அதிபர் நிக்சனின் வீட்டோவை (மறுப்பை) மீறி 1973-இல் நிறைவேறிய போர் அதிகாரத் தீர்மானம், படை மோதலில் இறங்கிய 48 மணி நேரத்துக்குள் அதிபர் காங்கிரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்றும், காங்கிரஸ் இசைவு தராவிட்டால் 60 நாளில், பாதுகாப்பாக விலக அவகாசம் தேவையெனில் மேலும் 30 நாளில், படையை விலக்க வேண்டும் என்றும் விதித்தது. 2011-இல் லிபியாவில் அமெரிக்கா எடுத்த ராணுவ நடவடிக்கை அந்தக் கெடுவைக் கடந்தபோது, தரைப்படை இறங்கவில்லை, நடவடிக்கையும் வரம்புக்கு உட்பட்டது, ஆகவே கெடு பொருந்தாது என்று காங்கிரசின் மேலவையான செனட்டின் குழு முன் வாதிட்டவர் வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஹெரால்டு கோ. தங்கள் மகள் விரும்பும் துறையில் கோலோச்சுபவர்கள் இத்தகைய வழக்கறிஞர்களே. (அவர் வாதம் எனக்கு ஏற்புடையதன்று, அது வேறு விஷயம்.)

ஜெர்மனியிலோ, நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயம் என்று 1994-இல் வரையறுத்தது அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம். நம் அரசியலமைப்பில் அத்தகைய முன் ஒப்புதலைக் கோரும் விதி இல்லை. 1987-இல் இலங்கைக்கு அமைதிப்படை சென்றதும் நாடாளுமன்ற வாக்கெடுப்பு இல்லாமலேதான். இதைத் தமிழ் மூலங்களையும் படித்து ஆராயக்கூடிய மாணவிக்கு இங்கே பெரிய வேலை காத்திருக்கிறது.

கிளாட் எனும் சட்டப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு எழுதினால் திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உள்ளிட்டவற்றில் சேரலாம். கட்டணம் சுமையாகத் தோன்றினால், சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியையும் பாருங்கள். பட்டம் பெற்றபின், நாடாளுமன்ற உறுப்பினருடன் பணியாற்றச் செய்யும், பி.ஆர்.எஸ். எனும் சட்டமியற்றல் ஆய்வு அமைப்பின் லாம்ப் நல்கைக்கு (உதவித்தொகையுடன் கூடிய பணிக்கு) விண்ணப்பிக்கட்டும். இந்த ஆராய்ச்சிக்கென்றே நம் நாட்டில் கிடைக்கும் பணியிடங்கள் மிகச் சில என்பதால், வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்வதையும் தள்ளிப்போட வேண்டாம்.

1973-ஆம் ஆண்டுத் தீர்மானமும் கோவின் சாட்சியமும் இணையத்தில் கிடைக்கின்றன. விண்ணப்பத்துக்கு முன் இரண்டையும் முழுமையாகப் படித்து, கோவுக்கு ஒரு பக்க அளவில் மறுப்பு எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.