தொடாமல் வருவதற்கு இவ்வளவு காசா?

அன்புள்ள அக்கா,

அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளோடு தாய்லாந்தில் இருக்கும் புக்கெட் தீவுக்குப் போகிறோம். மாமனார், மாமியாரும் வருகிறார்கள். சின்னவனுக்கு யானை என்றால் உயிர். டிராவல்ஸ்காரர் இரண்டு இடம் சொன்னார். இரண்டுக்கும் பெயர் சரணாலயம்தான், இரண்டிலும் சவாரி கிடையாதாம். ஒன்றில் வாழைப்பழம் கொடுக்கலாம், சேறு பூசலாம், தண்ணீரில் இறங்கிக் குளிப்பாட்டலாம், போட்டோவும் அவர்களே எடுத்துத் தருவார்கள். இன்னொன்றில் தள்ளி நின்று பார்க்க மட்டும்தான் விடுவார்கள், ஆனால் கட்டணம் அதிகம். "தொடாம வர்றதுக்கு இவ்வளவு காசா?" என்கிறார் என் வீட்டுக்காரர். மாமனார் கேட்பது வேறு. "கோவில்ல சங்கிலியோட நிக்கிற யானைகிட்ட ஆசீர்வாதம் வாங்கிட்டு, அங்க போயி மட்டும் நியாயம் பேசுறதா?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அங்கே போயிருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். பெயர் போட வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

இரண்டாவது இடத்துக்கே போங்கள். காசு கூடத்தான், இருந்தாலும் அங்கேயே போங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நல்ல கேள்வி. தொடுவதில் அப்படி என்ன குற்றம், பழம் கொடுத்து, முதுகில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டால் யானைக்குச் சுகமாகத்தானே இருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் ஒன்று யோசியுங்கள். நாயும் மாடும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் பார்த்துப் பார்த்து இனம் பெருக்கிப் பழக்கிய பிராணிகள். யானை அப்படி இல்லை. காட்டில் பிடித்ததானாலும் சரி, பட்டியிலேயே பிறந்ததானாலும் சரி, ஒவ்வொரு யானையையும் தனித்தனியாகத்தான் அடக்க வேண்டியிருக்கிறது. தாய்லாந்தில் வழிவழியாக வந்த முறைக்கு 'பஜான்' என்று பெயர். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, திரும்பக்கூட முடியாத மரக்கூண்டில் கட்டிப்போட்டு, பட்டினி போட்டு, தூங்கவிடாமல், அடித்து, இனி மனிதன் சொன்னால் கேட்டே ஆக வேண்டும் என்று அதன் மனதில் பதிகிறவரை விடமாட்டார்கள். எல்லா இடத்திலும் இதே கடுமையோடு செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் முன்பின் தெரியாத பத்துப் பேர் சுற்றி நின்று காதையும் வாலையும் பிடித்துப் படம் எடுக்கும்போது ஒரு யானை அசையாமல் நிற்கிறது என்றால், அது சும்மா வந்த பொறுமை இல்லை.

குளியலும் அப்படித்தான். யானை தானாகக் குளித்தால், தனக்குத் தோன்றும்போது இறங்கும், புரளும், ஏறி வந்ததும் மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும், வெயிலுக்கும் பூச்சிக்கும் அதுதான் அதற்குப் பாதுகாப்பு. சுற்றுலாக் குளியல் அப்படியா? காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம், அப்புறம் ஓட்டலிலிருந்து வேனில் வந்து இறங்கும் இன்னொரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அது தண்ணீரில் இறங்கியாக வேண்டும், போட்ட மண்ணைக் கழுவியாக வேண்டும். இறங்காவிட்டால் இறக்குவதற்குப் பக்கத்திலேயே பாகன் நிற்பான். அவன் கையில் அங்குசம் தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் இருக்கிறது, பிள்ளைகளை அழைத்துப் போவதால் சொல்கிறேன். 2025 ஜனவரியில், புக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கோ யாவ் யாய் தீவில், யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருவர் அந்த யானை தாக்கி இறந்துபோனார். விடுமுறைக்கு வந்த பெண், வயது 22. யானையைக் குறை சொல்லி என்ன பயன்?

இந்த யானைச் சுற்றுலா எங்கிருந்து தொடங்கியது என்பதையும் உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள், அவருக்கு இதில் ஆர்வம் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த யானைகளில் வயதானவை பலவும் மரம் இழுத்தவை. 1988 நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து, வெட்டிப் போட்டிருந்த மரங்கள் மலையிலிருந்து உருண்டு ஊர்களையே அழித்தன. அடுத்த ஜனவரியில், 1989இல், அரசு காட்டு மரம் வெட்டுவதையே தடை செய்தது. காட்டுக்கு நல்லது. ஆனால் யானைகளுக்கும் பாகன்களுக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. சில பாங்காக் தெருக்களில் பிச்சைக்கு நின்றன, மற்றவை சுற்றுலாவுக்கு வந்தன. முதலில் முதுகில் இருக்கை கட்டிய சவாரி, பந்தாட்டம், படம் வரைதல். சவாரி பாவம் என்று வெளிநாட்டுக்காரர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்ததும் பல முகாம்கள் இருக்கையைக் கழற்றிவிட்டு, வாசலில் சரணாலயம் என்று போர்டு மாட்டி, குளிப்பாட்டலைக் கொண்டுவந்தன. உங்கள் டிராவல்ஸ்காரர் சொன்ன முதல் இடம் இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். பெயருக்குக் காசு கேட்பார் யாரும் இல்லை.

மரம் இழுத்தது தாய்லாந்து யானை மட்டும் இல்லை. நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலும் உள்முற்றமான வளவிலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் தேக்குத் தூண்கள் நிற்கின்றனவே, அந்த பர்மா தேக்கு எப்படி வந்தது? மரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டி நின்றபடியே இரண்டு மூன்று வருடம் காயவிடுவார்கள், பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அப்புறம் வெட்டிச் சாய்த்து, ஓடைக்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனவை யானைகள். மழைக்காலத்தில் ஓடை பெருகும்போது அந்த மரங்கள் மிதந்து, ஐராவதியில் சேர்ந்து, ரங்கூன் போகும். அங்கிருந்து கப்பல். செட்டிநாட்டு வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆத்தங்குடிக் கல்லையும் பெல்ஜியம் கண்ணாடியையும் முட்டை வெள்ளைக்கரு பூச்சையும் சொல்வார்கள், யானையை ஒருவரும் சொல்வதில்லை.

சரி, மாமனாரின் கேள்வி. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மழுப்ப மாட்டேன். குன்றக்குடி நமக்கு எட்டும் தூரம். சண்முகநாதர் கோவில் யானை சுப்புலட்சுமியை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் யார்? 2024 செப்டம்பரில் அது கட்டப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்து, உடம்பெல்லாம் வெந்து, செத்துப்போனது. ஊரே திரண்டு அழுதது, மாலை போட்டது. அதே வருடம் நவம்பரில் திருச்செந்தூர் கோவில் யானை தெய்வானை பாகனையும் அவருடைய உறவினரையும் தாக்கிக் கொன்றது. 2023இலேயே மதுரை உயர் நீதிமன்றக் கிளை, இனிமேல் கோவில்களும் தனியாரும் புதிதாக யானை வாங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். கல்தரையில் நாள்பூராவும் ஒற்றையாக நிற்பதற்குப் படைக்கப்பட்ட பிராணி இல்லை அது. கூட்டமாக வாழ்கிறது, ஒரு நாளில் 150 கிலோவுக்கு மேல் தீனி தின்கிறது, அதைத் தேடி நடந்துகொண்டே இருக்கிறது. நிற்க வைத்தால் முதலில் பாதம் கெடும்.

அதனால் மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: இங்கே ஒரு நியாயம், அங்கே ஒரு நியாயம் இல்லை, இரண்டு இடத்திலும் ஒரே அளவுகோல்தான். ஆனால் இங்கே தப்பு நடக்கிறது என்பதற்காக அங்கேயும் போய்க் காசு கொடுத்துத் தப்பை வளர்க்க வேண்டுமா? பிள்ளையார்பட்டியில் கும்பிடுகிற பிள்ளையார் பாறையில் குடைந்தவர். அவர் முன்னால் நின்று கும்பிட உயிருள்ள யானை எதற்கு?

நான் போனது புக்கெட் எலிஃபண்ட் சாங்சுவரி. 2016இல் பாக்லோக் பகுதியில், காவ் ப்ரா தேவ் காட்டை ஒட்டி ஆரம்பித்தார்கள், அந்தத் தீவில் இந்த வகையில் முதல் இடம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், முதல் அரைமணி நேரம் பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும். ஒரு கிழட்டு யானை மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அப்புறம் மெல்ல மெல்லத்தான் கண்ணுக்குப் பழகும். வருடக்கணக்கில் இருக்கையைச் சுமந்ததில் ஒன்றின் முதுகு நடுவில் அமுங்கியிருக்கும். யானையின் முதுகெலும்பில் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புகள் உண்டு, அதன்மேல் பாரம் வைத்தால் அழுத்தம் எங்கே போகும்? இன்னொன்றின் கண் பூத்திருந்தது. அதற்குப் பக்கத்தை விட்டு நகராமல் இன்னொரு பெண் யானை, இது ஒரு அடி வைத்தால் அதுவும் ஒரு அடி வைக்கிறது. இரண்டுக்கும் உறவு ஒன்றும் இல்லை, அங்கே வந்த பிறகு சேர்ந்துகொண்டவை என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். பாகன்கள் பின்னால் தள்ளி நடக்கிறார்கள், நான் பார்த்தவரை எவர் கையிலும் அங்குசம் இல்லை. ஒரு யானைக்கு எங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை, மரத்துக்குள்ளே போய்விட்டது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. காசு எதற்கு என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டாரே, இதற்குத்தான். யானை வராவிட்டாலும் பார்க்க வந்தவருக்கு அதை இழுத்து வந்து காட்டாத இடம் என்றால், ஒரு நாளைக்கு இத்தனை பேரைத்தான் உள்ளே விட முடியும், தீனிச் செலவோ குறையாது.

இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. தாய்லாந்துச் சட்டத்தில், 1939இல் போட்ட சட்டம் அது, வளர்ப்பு யானை மாடு, எருமை மாதிரி பார இழுவைப் பிராணிதான். அதாவது தனியார் சொத்து. எனவே 'மீட்பு' என்றால் பெரும்பாலும் விலை கொடுத்து வாங்குவது. விற்றவர் அந்தப் பணத்தில் இன்னொரு குட்டியை வாங்கலாம், அதைத் தடுக்க வழியில்லை. சில இடங்களில் யானையை வாங்காமல் குத்தகைக்கு எடுத்து, அதன் பாகனுக்கே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள், எனக்கு அது கொஞ்சம் மேல் என்று படுகிறது. பாகனும் பிழைக்க வேண்டுமே. 2020 கொரோனாவில் சுற்றுலா நின்றதும் முகாம்களால் தீனி போட முடியாமல், பாகன்கள் யானைகளோடு சொந்தக் கிராமங்களுக்கு நடந்தே போனார்கள். காட்டிலேயே விட்டுவிடலாமே என்று கேட்பார்கள். நாற்பது ஐம்பது வருடம் மனிதன் போட்டதைத் தின்ற கிழட்டு யானைக்கு எந்தக் காடு? புக்கெட்டில் மிச்சமிருப்பதே சின்னக் காடு.

யானைகளைக் காட்டில் விடுகிற இடம் வேண்டுமென்றால் இன்னொரு தீவு இருக்கிறது, நமக்கு இன்னும் பக்கம். இலங்கையில் உடவளவையில் 1995இல் இருந்து ஒரு யானைக்குட்டிக் காப்பகம் நடக்கிறது. தாயை இழந்த காட்டுக் குட்டிகளைக் கொண்டுவந்து, நேரத்துக்குப் பால் கொடுத்து, வளர்ந்ததும் கூட்டமாகக் காட்டில் விட்டுவிடுகிறார்கள், நூற்றுக்கும் மேல் விட்டாயிற்று. வருகிறவர்கள் பால் நேரத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், கிட்டே போக முடியாது, மனிதனிடம் ஒட்டிக்கொண்ட குட்டி காட்டில் பிழைக்காது என்பதால். குட்டிகள் பாலுக்கு முண்டியடித்து ஓடிவருவதைப் பார்த்தால் சின்னவன் தொடுவதையே மறந்துவிடுவான். 1975இல் தொடங்கிய பின்னவலதான் பிரபலம், எல்லா டிராவல்ஸிலும் அதைத்தான் சேர்ப்பார்கள். அங்கே சங்கிலியும் உண்டு, குட்டி ஈனவைப்பதும் உண்டு. நான் சொல்வது உடவளவை.

எங்கே போனாலும் டிராவல்ஸ்காரரிடம் குளிப்பாட்டல் உண்டா, ராத்திரியில் யானையை எங்கே எப்படி வைக்கிறார்கள், குட்டி இருந்தால் அது எப்படி வந்தது என்று கேட்டுவிடுங்கள். "குட்டி யானை நிச்சயம் பார்க்கலாம்" என்று ஒரு இடம் விளம்பரம் செய்தால் அங்கே போகவே போகாதீர்கள்.

டிசம்பரில் புக்கெட்டில் மழை விட்டிருக்கும், அதனால் கூட்டமும் அப்போதுதான், இப்போதே பதிவு செய்துவிடுங்கள். பாதை சில இடங்களில் ஏற்றம், சேறு வேறு. மாமியாருக்கு முழங்கால் வலி உண்டென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொண்டு போங்கள், பைனாகுலர் ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். சின்னவனிடம் தொட முடியாது என்பதை இங்கேயே சொல்லி அழைத்துப் போங்கள், அங்கே போய்ச் சொன்னால் உருண்டு அழுவான்.

அன்புடன்,
அக்கா