பெயருக்கு முன்னால் ஒரு டில்லி

கேள்வி: டில்லி கணேஷ் 400 படங்களுக்கு மேல் நடித்தும் கடைசிவரை அப்பா, மாமா என்றே வந்து போனார். தமிழ் சினிமா அவரை வீணடித்துவிட்டது என்கிறேன், சரிதானே?
(கரோல் பாக் வாசகி)

பதில்: சரியில்லை, அம்மா. 1977-இல் ‘பட்டினப் பிரவேசம்’ தொடங்கி 2024 நவம்பரில் 80 வயதில் காலமாகும்வரை சினிமா, சீரியல் என்று மனிதர் நடித்துக்கொண்டே இருந்தார், அதை எப்படி வீண் என்பது? ‘எங்கம்மா மகாராணி’யில் கதாநாயகனாகவும் நடித்தவர்தான். ‘பசி’க்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. ‘சிந்து பைரவி’யை இன்னொரு முறை பாருங்கள். இவர் நடித்த மிருதங்கம் குருமூர்த்தி குடித்துவிட்டு வந்ததற்காகப் பாட்டு வித்துவான் அவரை வெளியே அனுப்பிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் கச்சேரியை நடத்துகிறார். பிற்பாடு அதே வித்துவான் குடியில் விழும்போது எனக்கு குருமூர்த்தியின் முகம்தான் முதலில் ஞாபகம் வரும். அந்தச் சின்ன வேஷத்தைச் சுமாராகச் செய்திருந்தால் பின்பாதி இப்படி உறைத்திருக்காது. அவரே ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டு மணி ஐயர், ‘அபூர்வ சகோதரர்க’ளில் வில்லன்களில் ஒருவர்!

சினிமாவை விடுங்கள். எனக்கு உங்கள் கேள்வியில் முக்கியம், அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் நம் ஊர்தான். வல்லநாட்டுக்காரர் டில்லி கணேஷ் ஆனது எப்படி? 1964 முதல் 10 வருஷம் விமானப் படையில் வேலை, இங்கே தட்சிண பாரத நாடக சபாவில் நாடகம். பாலசந்தர் சினிமாவுக்குக் கூட்டிப்போனபோது ஊர்ப் பெயரையும் சேர்த்தே வைத்துவிட்டார். நடிகர் பூர்ணம் விஸ்வநாதனும் இதே டில்லி மேடையில் நின்றவர்தான். 1947-இல் சுதந்திரச் செய்தியை வானொலியில் தமிழில் வாசித்த குரல் அவருடையது. பகலில் சர்க்கார் உத்தியோகம், சாயங்காலம் ஒத்திகை என்று இருந்தவர்கள் வளர்த்த மேடை அது.

இன்றைக்கு? திரும்பத் திரும்ப எழுதுகிறேன், சில தமிழ்ச் சங்கத்துக்காரர்களுக்குக் கோபமும் வருகிறது, வரட்டும். ஆண்டு விழா என்றால் சென்னையிலிருந்து குழுவை வரவழைத்து, ரயில் டிக்கெட், தங்குமிடம், பொன்னாடை என்று செலவழிக்கத் தயார். ஆனால் முனிர்காவிலோ மயூர் விஹாரிலோ இருக்கும் நாலு பிள்ளைகள் நாடகம் போடுகிறோம், ஒத்திகைக்கு ஒரு அறை கொடுங்கள் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு விட்டிருக்கிறோம் என்று பதில். “வசனம் பேச இங்கே யாருக்குத் தமிழ் வருகிறது?” என்று ஒரு செயலாளர் என்னிடமே கேட்டார். மேடை ஏறி நாலு தடவை வசனம் பேசினால் தமிழ் தானாக வரும் ஐயா, வராவிட்டால் பக்கத்தில் நிற்கும் பெரியவர் திருத்துவார், அதற்குத்தானே ஒத்திகை!

வீணடிப்பு என்றால் இதைத்தான் சொல்வேன். ஆபீஸ் விட்டு வந்து கையைக் காலை ஆட்டி நடித்துப் பார்க்க இடம் இல்லாமல், தனக்கு நடிக்க வரும் என்பதே தெரியாமல் எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்களோ.

உங்கள் கரோல் பாக்கில் யாராவது நாடகம் போட்டால், மொட்டை மாடியில் போட்டாலும் சரி, எனக்கு எழுதுங்கள். நேரில் வந்து பார்த்து விமர்சனம் எழுதுகிறேன். சென்னைக் குழுக்களுக்குத் தருகிற அதே ஒரு பக்கம் அவர்களுக்கும் உண்டு.