தினமும் உடன் வரும் கேமரா: லென்ஸ் கழற்ற முடியாததா, மாற்றக்கூடியதா?

கேள்வி: கைபேசியை விட்டு முறையான கேமரா ஒன்றுக்கு மாற விரும்புகிறேன். வீட்டில் இரண்டு குழந்தைகள் ஓடி விளையாடுவதையும், மாலையில் கடைத்தெரு, கோயில் செல்லும்போது கண்ணில் படுவதையும் எடுக்க வேண்டும். கேமரா எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். மூத்த மகள் பரதநாட்டியம் கற்பதால் ஆண்டுக்குச் சில முறை மேடை நிகழ்ச்சிகளும் உண்டு. லென்ஸ் கழற்ற முடியாத சிறு கேமரா வாங்கலாமா, லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் கேமரா வாங்கலாமா? (திருச்சி வாசகி)

பதில்: மகளின் மேடை நிகழ்ச்சிகளைப் பற்றி நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால், லென்ஸ் கழற்ற முடியாத கேமராவையே முதலில் பரிந்துரைத்திருப்பேன். அவ்வகைக் கேமராவில் லென்ஸும், ஒளியைப் படமாகப் பதியும் சென்சாரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்தே வடிவமைக்கப்படுவதாலும், லென்ஸைப் பூட்டும் உலோக வளையம் தேவைப்படாததாலும், பெரிய சென்சாரைக்கூட மிகச் சிறிய உடலுக்குள் அடக்கிவிட முடிகிறது. 2019இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல மிரர்லெஸ் கேமராக்களில் உள்ள அதே ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரைக் கொண்டிருந்தும், பேட்டரி, அட்டை உட்பட அதன் எடை 257 கிராம்தான். கைப்பையில் அது இருப்பதே தெரியாது. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் அதன் ஆட்டோஃபோகஸ் தடுமாறும் என்பதால், டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் குழந்தைகளுக்கு அதை நம்பி வாங்க வேண்டாம்.

லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்றாலே எடை குறைவு என்று பலரும் எண்ணுகிறார்கள். அது எப்போதும் உண்மையன்று. 2024இல் வந்த ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100-6 கேமராவின் எடை 521 கிராம். அதே நிறுவனத்தின் எக்ஸ்-டி30-2 என்னும் லென்ஸ் மாற்றும் கேமரா 378 கிராம். அதில் 84 கிராம் எடையுள்ள 27 மி.மீ. தட்டை லென்ஸைப் பொருத்தினால் மொத்தம் 462 கிராம்தான் வரும். தடிமன் சற்றுக் கூடும், சட்டைப் பையில் நுழையாது. ஆனால் கைப்பைக்கு அது ஒரு தடையே இல்லை. ஆகவே நீங்கள் சுமக்கப்போகும் லென்ஸையும் சேர்த்து எடை பாருங்கள்.

இனி மேடைக்கு வருவோம், ஏனெனில் உங்கள் முடிவை அதுதான் தீர்மானிக்கிறது. சபாவில் மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். எக்ஸ்100-6 கேமராவின் லென்ஸ், ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சாரின் கணக்கில் 35 மி.மீ. பார்வைக் கோணம் தருவது. அத்தூரத்தில் அதன் சட்டம் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தை உள்ளடக்கும் என்பதால், 1.4 மீட்டர் உயரமுள்ள உங்கள் மகள் படத்தில் ஏழில் ஒரு பங்கு உயரம்தான் இருப்பார். அதன் 40 மெகாபிக்சல் படத்தை இரு மடங்கு நெருக்கமாக வெட்டினாலும் 10 மெகாபிக்சல் மிஞ்சும் என்பது உண்மையே; அப்போதும் அவர் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை எட்டமாட்டார், முகபாவமும் முத்திரையும் தெளிவாகக் கிடைக்காது. அதே இருக்கையிலிருந்து 135 மி.மீ.க்கு இணையான லென்ஸில் சட்டத்தின் உயரம் 2.7 மீட்டர் அளவுக்குச் சுருங்கி, அவர் பாதிச் சட்டத்தை நிறைப்பார். நாட்டியப் படத்துக்கு இந்த வேறுபாடே எல்லாம்.

நீண்ட ஜூமுடன் லென்ஸ் கழற்ற முடியாத கேமராக்களும் உண்டே என்று கேட்கலாம். சோனி ஆர்எக்ஸ்100-7, 200 மி.மீ. வரை எட்டுகிறது, 302 கிராம்தான். பகலில், சுற்றுலாவில் அது அருமையான கருவி. ஆனால் அதன் ஒரு அங்குல சென்சாரின் பரப்பு ஏபிஎஸ்-சி சென்சாரின் மூன்றில் ஒரு பங்கு. 200 மி.மீ.இல் அதன் லென்ஸ் எஃப் 4.5க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதாகச் சிறிதாக ஒளி மிகும்), எஃப் 2 லென்ஸ் ஒன்று பெறும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கையே உள்ளே விடும். சுழன்றாடும் கால்களை உறைய வைக்க நொடியில் 250இல் ஒரு பங்கு ஷட்டர் வேகமாவது வேண்டும். அங்கே ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வை, மிகவும் ஏற்ற வேண்டியிருப்பதால் படம் முழுவதும் புள்ளி புள்ளியாகிவிடும்.

எனவே உங்களுக்கு லென்ஸ் மாற்றும் கேமராவே பொருத்தம். ஆனால் கடைக்காரர் பெட்டியோடு தரும் கிட் ஜூம் லென்ஸோடு நின்றுவிடாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேறு லென்ஸ் வாங்காமல் அந்த ஜூமை மட்டுமே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துபவர் லென்ஸ் மாற்றும் வசதிக்குப் பணம் கொடுத்துவிட்டு அதன் பலனை அடையாதவர். அவருக்குச் சிறு கேமராவே நல்லது. ஒரு வீட்டு அறையின் இரவு வெளிச்சத்தில் எஃப் 2 லென்ஸுக்கு 1/125 நொடியும் ஐஎஸ்ஓ 1600உம் போதும் என்றால், ஜூமின் நீண்ட முனையில் எஃப் 5.6 மட்டுமே கிடைப்பதால் அதே வேகத்துக்கு ஐஎஸ்ஓ 12,800 தேவைப்படும். ஐஎஸ்ஓவை ஏற்றாவிட்டால் வேகம் 1/15 நொடிக்கு இறங்கும், குழந்தையின் முகம் கலங்கும். கைபேசியில் உங்களுக்கு நிறைவளிக்காதது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

முதலில் உடலுடன் 23 மி.மீ. எஃப் 2 போன்ற ஒரு சிறு பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸை மட்டும் வாங்கி, தினமும் அதையே மாட்டி வைத்திருங்கள். மேடைக்குரிய 85 அல்லது 90 மி.மீ. லென்ஸை (ஏபிஎஸ்-சி கேமராவில் இது மேலே சொன்ன 135 மி.மீ.க்கு ஏறத்தாழ இணை) பிறகு வாங்கலாம். முதல் நிகழ்ச்சிக்கு அதை வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாக அமரும் இடத்திலிருந்து அந்தத் தூரம் போதுமா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது இன்னும் நல்லது. எந்தப் பிரைம் ஒத்துவரும் என்று தயங்கினால், கைபேசியில் கடந்த ஓராண்டுப் படங்களைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவை ஜூம் செய்யாமல் எடுத்தவை என்றால் அகன்ற 18 மி.மீ. போதும்; இரு மடங்கு ஜூமில் எடுத்தவையே மிகுதி என்றால் 35 மி.மீ. உங்களுக்கு இயல்பாகப் படியும்.

பழைய கேமரா வாங்க நினைத்தால் அதன் லென்ஸ் மவுண்ட், அதாவது லென்ஸைப் பூட்டும் வளையத்தின் வகை, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கேனான் 2012இல் தொடங்கிய இஎஃப்-எம் வரிசையைக் கைவிட்டுவிட்டது. அக்கேமராக்கள் மலிவாகக் கிடைத்தாலும், நாளை உங்களுக்கு வேண்டிய லென்ஸைத் தேடி அலைய நேரிடும்.

பராமரிப்பில் ஒரு செய்தி. லென்ஸ் கழற்ற முடியாத கேமராவுக்குள் தூசு புகாது என்பது சரியன்று. வெளியே நீண்டு உள்ளே மடங்கும் லென்ஸ் காற்றையும் தூசையும் உள்ளே இழுக்கக்கூடும், அப்போது முழுக் கேமராவையும் பழுதுபார்க்கும் மையத்துக்குக் கொடுக்க வேண்டும்; மாற்றும் வகையில் சென்சாரை நீங்களே ஊதுகுமிழால் சுத்தம் செய்துகொள்ளலாம். தெருவில் லென்ஸ் மாற்ற நேர்ந்தால் கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். மழைக்காலத்தில் இரண்டு லென்ஸ்களையும் சிலிக்கா ஜெல் இட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்ப இடுங்கள்; தோல் உறைக்குள் மாதக்கணக்கில் மூடி வைக்கும் லென்ஸில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.