கரையேறிய பிறகு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு சார்ஜாவில் வீடு, துபாயில் வேலை. தினமும் மூன்று மணி நேரம் காரில் போகிறது. கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் நண்பர் ஒருவர் ஜாக் ஜான்சன் என்ற ஹவாய்க்காரரின் முதல் ஆல்பத்தை அனுப்பிவைத்தார். ‘பிரஷ்ஃபயர் ஃபேரிடேல்ஸ்’, 2001இல் வந்தது. இரண்டு மாதமாக வேறெதையும் கேட்கவில்லை. கிட்டார், பேஸ், டிரம்ஸ், திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல், அவ்வளவுதான். ஹார்ன் அடிப்பதையே விட்டுவிட்டேன். ‘ஃப்ளேக்’ என்று ஐந்தாவதாக ஒரு பாட்டு. அதில் பாதிக்கு மேல் ஒரு தந்தி வாத்தியம் இழுத்து இழுத்து வரும்போது மட்டும் தொண்டையை அடைக்கிறது.

போன வாரம் அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் கர்னாடக சங்கீதப் பைத்தியம். நாலு பாட்டு கேட்டுவிட்டு ஃபோன் செய்தார். “ஒரே பாட்டைப் பதின்மூணு தடவை பாடியிருக்கானேடா” என்றார். அதோடு விடவில்லை. இது சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருப்பவனின் சங்கீதம், இதில் எதுவும் பணயம் வைக்கப்படவில்லை என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிடித்திருக்கிறது என்பதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. இதை சர்ஃப் இசை, அதாவது அலைச்சறுக்குக்காரர்களின் இசை என்கிறார்கள். அலையே கேட்கவில்லையே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சாய்ந்திருப்பவனின் சங்கீதம் என்று அவர் சொன்னது வசையாக இருந்தாலும் சரியான வர்ணனை. ஒரு திருத்தம் மட்டும்: சாப்பிட்டுவிட்டு அல்ல, கடலிலிருந்து ஏறி வந்து.

அலைச் சத்தம் வேண்டுமென்றால் இந்த ஆல்பத்திலிருந்து நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும். 1960களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் சர்ஃப் இசை என்றால் டிக் டேல் என்ற கிட்டார்காரர். இடதுகைக்காரர். தந்தி வரிசையை மாற்றாமல் கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். தந்திகளும் மிகத் தடிமனானவை. அவர் அடித்த அடியில் ஆம்ப்ளிஃபயர்களும் ஸ்பீக்கர்களும் கருகிப்போக, கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் செய்யும் லியோ ஃபெண்டர் அவருக்காகவே பெரிதாக ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. 1962இல் அவர் வாசித்த ‘மிசர்லூ’ கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழைய மெட்டு. அவருடைய தந்தைவழி லெபனான் என்பதால் அது அவர் வீட்டுச் சொத்து. அதை மூச்சுவிடாமல் ஒற்றைத் தந்தியில் விரட்டியிருப்பார். அடுத்து வந்த குழுக்கள் எதிரொலி சேர்க்கும் ஸ்பிரிங் ரிவெர்பைப் பிடித்துக்கொண்டன. பெட்டிக்குள் இருக்கும் சுருள்கம்பி வழியாக ஒலி அதிர்ந்து வரும்போது ஈரம் சொட்டுகிற மாதிரி இருக்கும். கேட்பவன் அலைக்கு நடுவில் நிற்பான். உங்கள் அண்ணனுக்கு அது பிடிக்கவும் கூடும், மின்னல் வேகத்தில் ஸ்வரங்களை உதிர்க்கும் பிருகாக்காரர்களை ரசிக்கிறவர் என்றால்.

ஜான்சன் அலைக்குள் இருந்து பாடுவதில்லை. ஆனால் அலை தெரியாதவரும் இல்லை. 1975இல் ஹவாயின் ஓஹு தீவில், வடகரையில் பிறந்தவர். அப்பாவும் அலைச்சறுக்குக்காரர். ஜான்சன் வளர்ந்த வீட்டருகேதான் பைப்லைன் என்ற இடம். குளிர்காலத்தில் வட பசிபிக் புயல்கள் கிளப்பிவிடும் அலை ஆழ்கடலில் வெகுதூரம் வந்து, கரைக்குக் கொஞ்சம் முன்னால் ஆழம் சட்டென்று குறைகிற பாறைத்திட்டில் கால் தடுக்கி, குழாய்போலச் சுருண்டு விழும். விழுகிற இடத்தில் தண்ணீர் சில அடிதான், அதற்கடியில் பாறை. ஜான்சன் 17 வயதிலேயே பைப்லைன் மாஸ்டர்ஸ் போட்டியின் தகுதிச் சுற்றில் இறங்கியவர். கொஞ்ச நாளில் அதே பாறையில் மோதி முன்பற்கள் போயின, முகத்தில் நூற்றுக்கும் மேல் தையல். அந்த விபத்தினால்தான் பாடகரானார் என்று சினிமாக்கதை போலச் சொல்வார்கள். அதற்கு முன்பே அவர் கிட்டார் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

எதுவும் பணயம் வைக்கப்படவில்லை என்றாராமே அண்ணன். ஒன்பதாவது பாட்டைக் கேட்கச் சொல்லுங்கள், ‘ட்ரிங்க் த வாட்டர்’. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே காற்றைத் தேடுகிறவன் பாடுவது. அதையும் அவர் அதே திண்ணைக் குரலில்தான் பாடுகிறார். அதற்கு முந்தைய பாட்டில் ஒருவன் டிவி செய்தி பார்க்கிறான். இத்தனை பேர் செத்ததை வாசிக்கிறவருக்குக் கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட வராதா என்று கேட்கிறான். குரல் அங்கும் ஏறவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் ஏற்றியிருப்பேன். அவர் ஏற்றாததால்தான் அந்தப் பாட்டு மறுநாளும் கூடவே வருகிறது.

இந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் அவர் படித்தது சினிமா. படித்து முடித்து மல்லாய் (Malloy) குடும்பத்து நண்பர்களுடன் சேர்ந்து 16 மி.மீ. ஃபிலிமில் அலைச்சறுக்குப் படம் எடுத்தார். 2000இல் வந்த ‘திக்கர் தேன் வாட்டர்’ அப்படி ஒன்று. ஆல்பம் போடுவதற்கு முன்பே அவருடைய பாட்டுகள் அந்த வட்டாரத்தில் படங்களோடுதான் சுற்றின. திரையில் ஒருவன் அலைமேல் போய்க்கொண்டிருக்கும்போது பாட்டு குறுக்கே வரக் கூடாது. படத்துக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கப் பழகிய பாட்டு இது. ஆல்பத்தின் முதல் பாட்டே மௌனப் படங்களைப் பற்றித்தான். இவ்வளவு வேகமாகப் போனால் ஃபிரேமில் அகப்பட மாட்டாய், மெதுவாகப் போ என்கிறது. நீங்கள் ஹார்ன் அடிப்பதை விட்டதற்கு அதுதான் காரணமோ என்னவோ.

‘ஃப்ளேக்’கில் உங்கள் தொண்டையை அடைக்கவைப்பவர் பென் ஹார்ப்பர். வாசிப்பது வைசன்போர்ன் என்ற ஹவாய் பாணிக் கிட்டார். 1920களில் லாஸ் ஏஞ்சலிஸில் ஹெர்மன் வைசன்போர்ன் செய்தது. கழுத்துப் பகுதியும் உள்ளே வெற்றுக் கூடு. மடியில் கிடத்தி, தந்திமேல் இரும்புக் கட்டியை வழுக்கவிட்டு வாசிப்பார்கள். மெட்டில்லாத வீணை போன்ற நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை ஓட்டுவது போலத்தான். அதனால் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிற இடமெல்லாம் அதற்குத் திறந்து கிடக்கிறது. நம் காது ஸ்வரத்தை அசைத்து இழுக்கிற கமகத்துக்குப் பழகியது. பன்னிரண்டு பாட்டில் கிடைக்காதது அங்கே கிடைத்ததும் அப்படியே உருகிவிடுகிறது.

ஜான்சனின் வலதுகையையும் ஒரு தடவை ஹெட்ஃபோனில் கவனியுங்கள். தந்தியை மீட்டியதும் அதே கையால் தட்டி அதை வாயடைக்கிறார். அந்த ‘சக்’ இரண்டாம், நான்காம் அடிகளில் விழுகிறது. டிரம்ஸ் ஆடம் டோப்போலும் பேஸ் மெர்லோ பொட்லெவ்ஸ்கியும் இவ்வளவு கொஞ்சமாக வாசிக்க முடிவது அதனால்தான். பாதித் தாளம் கிட்டாரிலேயே ஓடுகிறது. காரில் இது கேட்காது, ஏசி விழுங்கிவிடும்.

ஒரே பாட்டு என்ற புகாருக்கு என்னிடம் மறுப்பு இல்லை. வேகம் ஏறக்குறைய ஒன்றேதான், குரல் எல்லையும் சின்னது. எனக்கே பத்தாவது பாட்டுக்கு மேல் எது எது என்று குழம்பும். பின்னால் வந்த ஆல்பங்களில், 2005இன் ‘இன் பிட்வீன் ட்ரீம்ஸ்’ நீங்கலாக, குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. காப்பிக்கடைகள் வேறு இந்த பாணியை எடுத்துச் சுவர்ப்பூச்சாக்கிவிட்டன. ஆனால் ஓஹுவின் வடகரையே அப்படித்தான். குளிர்காலத்தில் ஆளை விழுங்குகிற அதே கடல் கோடையில் குளம்போலக் கிடக்கும், குழந்தைகள் குளிப்பார்கள். இந்த ஆல்பம் கோடை மாதங்களில் எடுத்த படம் மாதிரி.

அண்ணனிடம் வாதாட வேண்டாம். ‘ஃப்ளேக்’கின் பிற்பாதியை மட்டும் வெட்டி, யார் எவர் என்று சொல்லாமல் அனுப்புங்கள். அது கோட்டுவாத்தியமா என்று கேட்டு எழுதினால், எனக்கும் தெரிவியுங்கள்.