மைக்ரோ எல்இடி வரும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: ஹாலுக்கு 55 அங்குல டிவி வாங்கப் போகிறோம். ஒரு கடையில் ஓஎல்இடி எடுங்கள் என்கிறார்கள், அடுத்த கடையில் க்யூஎல்இடி, இன்னொன்றில் மினி எல்இடி. மகனோ, "மைக்ரோ எல்இடி வரப்போகுதுப்பா, பொறுங்க" என்கிறான். பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். மைக்ரோ எல்இடியில் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் (பிக்சல்) சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நுண்விளக்குகள். 4கே திரைக்கு 83 லட்சம் புள்ளிகள் என்றால் கிட்டத்தட்ட இரண்டரைக் கோடி விளக்குகளைப் பிசகாமல் பதிக்க வேண்டும். அதனால்தான் விலை இன்னும் பல லட்சங்களில் நிற்கிறது. சாம்சங் 146 அங்குலத்தில் அதைக் காட்டியது 2018-ல். ஓஎல்இடி கதையும் இப்படித்தான்: சோனி 11 அங்குல டிவியை 2007-ல் விற்றது, 55 அங்குலம் கடைக்கு வர 2013 ஆயிற்று. அப்போதும் நம் கைக்கு எட்டும் விலையில் இல்லை. மகன் சொல்வது வரும், ஆனால் அவன் தன் மகனுக்கு வாங்கித் தரும் நேரத்தில் வரலாம்!

மீதி மூன்றில், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். க்யூஎல்இடி என்பது எல்சிடி டிவிதான், அதாவது புள்ளி தானாக ஒளிராது, பின்னால் ஒரு விளக்கு எரிய வேண்டும். அந்த விளக்குக்கு முன்னே குவாண்டம் துகள் படலம் ஒன்றை வைத்து நிறத்தைத் தூக்கியிருக்கிறார்கள். (அந்தத் துகள்களுக்கு 2023-ல் வேதியியல் நோபல் கிடைத்தது, டிவிக்கு இல்லை.) மினி எல்இடியும் எல்சிடியே. பின்விளக்குகள் பொடிப்பொடியாக, பகுதி பகுதியாக அணைந்து எரியும். ஓஎல்இடியில் மட்டும்தான் புள்ளியே ஒளிர்கிறது, கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்தே போகிறது.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிற வீடென்றால் ஓஎல்இடிக்கு ஈடில்லை. ஆனால் நம் வீடுகளில் பலவற்றில் டிவிக்கு எதிரே ஜன்னல், தலைக்கு மேலே டியூப்லைட், காலையிலிருந்து செய்திச் சேனல். மூலையிலே சேனல் சின்னமும் அடியில் ஓடும் பட்டையும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் ஓஎல்இடியில் தழும்பாகப் பதியக்கூடும். உங்கள் வீடு அப்படியென்றால் நல்ல மினி எல்இடி எடுங்கள். கடையில் எல்லா டிவியும் கண்ணைப் பறிக்கும் 'விவிட்' முறையில்தான் ஓடும். 'சினிமா' முறைக்கு மாற்றச் சொல்லி, இருட்டுக் காட்சி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முகம் சுளிக்கிற கடைக்காரரை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பில்லில் அதைச் சரிபாருங்கள்.

கேள்வி: 8கே எடுத்தால் பின்னாளுக்கு உதவுமே? எங்கள் இணைய இணைப்பின் வேகம் 50 எம்பிபிஎஸ்.

பதில்: 8கே என்றால் 4கேயைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். ஆனால் 55 அங்குலத்தில் 4கே புள்ளியின் அகலமே மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். நாலடி தள்ளி உட்கார்ந்தாலே நல்ல கண்ணுக்கும் புள்ளி தெரியாது. நீங்கள் சோபாவைப் பத்தடி தள்ளிப் போட்டிருப்பீர்கள். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே 2018 டிசம்பரிலேயே 8கே சேனல் தொடங்கியது. ஆனால் படம் தரும் பெரிய தளங்கள் இன்றும் 4கேயில்தான் நிற்கின்றன. 4கேக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ். உங்கள் 50 தாராளம். உண்மையில் இடிப்பது வைஃபை. ரவுட்டர் அடுத்த அறையில் இருந்தால் டிவிக்கு ஒரு லேன் வயர் இழுத்துவிடுங்கள். 4கே மணிக்கு 7 ஜிபி வரை தின்னும், அதையும் கணக்கில் வையுங்கள்.

8கேக்குக் கொடுக்கிற காசுக்குப் பதிலாக, டிவியில் ஏவி1 இருக்கிறதா என்று கேளுங்கள். கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான் எல்லாம் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட, காணொளியைச் சுருக்கும் முறை அது. அதே தரத்துக்குக் குறைவான டேட்டா போதும். உலகம் போகிற திசை இது, விற்பனையாளருக்குத் தெரியாவிட்டாலும்.

கேள்வி: ஸ்மார்ட் டிவி நாலு வருஷத்தில் மந்தமாகிவிடுகிறதாமே?

பதில்: ஆகிறது. திரை அவ்வளவு சீக்கிரம் கெடாது, உள்ளே இருக்கும் மென்பொருளுக்குத்தான் வயதாகும். செயலிகளைத் தானே ஓட்டும் சின்ன ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைச் சில ஆயிரம் ரூபாயில் வாங்கி டிவியில் செருகினால் தீர்ந்தது. அதற்காக எச்டிஎம்ஐ துளை ஒன்றைக் காலியாக வைத்திருங்கள்.