மூன்று மாத ஜவ்வு எவ்வளவு தாங்கும்?

கேள்வி: எனக்கு வயது 23. நாமக்கல் பக்கம் கபடி ஆடுகிறேன். ரெய்டு போனபோது எதிரணியினர் கணுக்காலைப் பிடித்து இழுத்ததில் இடது முழங்கால் திருகி ஜவ்வு அறுந்துவிட்டது. தொடையின் பின்பக்கத்திலிருந்து நரம்பு எடுத்துவைத்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மூன்று மாதம் ஆகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, படி ஏறி இறங்குகிறேன். புதிதாக வைத்த ஜவ்வு பழையதைவிட இரண்டு மடங்கு வலுவானது, அடுத்த மாதப் போட்டியில் ஆடலாம் என்கிறார் எங்கள் பயிற்சியாளர். இது சரியா? முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து எடுத்திருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்குமா? எடுத்த நரம்பு மீண்டும் வளருமா?

பதில்: தம்பி, அடுத்த மாதம் ஆடாதீர்கள். உங்கள் பயிற்சியாளர் சொன்ன கணக்கு பொய்யல்ல. ஆனால் அது அறுவை அரங்கில் புதிய ஜவ்வை, அதாவது கிராஃப்டை, உள்ளே வைத்த அன்றைக்கு உள்ள கணக்கு. இன்றைக்கு உங்கள் முழங்காலுக்குள் இருப்பது அதே கிராஃப்ட் அல்ல.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். எடுத்து வைத்தது நரம்பு அல்ல, தசைநாண். தசையை எலும்போடு கட்டிவைக்கும் வெண்மையான கயிறு அது. அறுந்தது ஏசிஎல். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளேயே குறுக்காகப் பிணைக்கும் நார். நம் ஊரில் இதையும் ஜவ்வு என்கிறோம், மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பையும் ஜவ்வு என்கிறோம். இரண்டும் வேறு வேறு. அதனால்தான் ‘ஜவ்வு ஆபரேஷன் செய்த என் நண்பன் இரண்டே மாதத்தில் ஆடினான்’ என்று யாராவது சொன்னால், எந்த ஜவ்வு என்று கேளுங்கள்.

இப்போது அந்த ‘இரண்டு மடங்கு’. இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த நார்களை இயந்திரத்தில் மாட்டி, அறுந்துபோகும் வரை இழுத்து அளந்த எண்கள் இவை. 1991-இல் வெளியான ஆய்வில், 22 முதல் 35 வயதுக்காரர்களின் ஏசிஎல் சராசரியாக 2,160 நியூட்டன் இழுவையைத் தாங்கியது. ஏறக்குறைய 220 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். (அறுபது வயதைக் கடந்தவர்களின் நார் 658 நியூட்டனிலேயே அறுந்துவிட்டது. வயது ஒரு நாரை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று நான் பார்த்ததில்லை.) சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில் 10 மில்லிமீட்டர் அகலத் துண்டு சுமார் 2,900 நியூட்டன் தாங்கும். தொடையின் பின்பக்க நாண்கள் இரண்டை மடித்து நான்கு இழையாக்கினால், 1999-இல் வந்த ஆய்வின்படி, 4,000 நியூட்டனைத் தாண்டும். உங்கள் பயிற்சியாளர் சொன்னது இந்த எண்ணைத்தான்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நான்கு இழைகளிலும் எடையைத் தொங்கவிட்டு, இழுவை சமமாக இருக்கும்படி செய்தபோதுதான் அந்த 4,000 கிடைத்தது. கையால் இழுத்துக் கட்டிய நான்கு இழைகள், சமமாக இழுத்துக் கட்டிய இரண்டு இழைகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவு வலுவாக இருக்கவில்லை. தொய்வாக இருக்கும் இழை சுமையை வாங்குவதில்லை. இறுக்கமான இழையே எல்லாவற்றையும் சுமந்து முதலில் அறுகிறது. நான்கு பேர் சேர்ந்து வடம் பிடிக்கும்போது இருவர் கையை வெறுமனே வைத்திருந்தால் என்ன ஆகுமோ அதுதான்.

உங்கள் அறுவையன்று நடந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், சொல்கிறேன். உருவி எடுத்த நாணில் ஒட்டியிருக்கும் சிவந்த தசையை, கத்தியின் பின்புறத்தாலோ உலோக ஸ்கேல் போன்ற ஒன்றாலோ வழித்து எடுப்போம். அடியில் இருக்கும் முத்து நிற நாண் வெளியே தெரியும். மடித்து, முனைகளைத் தைத்து, அரை மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள் உள்ள அளவுக் கட்டையில் நுழைத்துப் பார்ப்போம். எந்தத் துளையில் இறுக்கமாக நுழைந்து வருகிறதோ அதுதான் கிராஃப்டின் தடிமன். பிறகு ஒரு பலகையில் மாட்டி, இழுவை கொடுத்து, ஈரத்துணி போர்த்தி வைப்போம். உள்ளே செலுத்தி ஒரு முனையைப் பொருத்தியபின் முழங்காலைப் பலமுறை மடக்கி நீட்டுவோம். இழைகளில் மிச்சமிருக்கும் தொய்வு அப்போது வெளியேறிவிடும். அதற்குப் பிறகே மறுமுனையை இறுக்குவோம். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் கிராஃப்டின் தடிமன் எழுதியிருக்கும், பாருங்கள். 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், இளம் வயதினரிடம் மீண்டும் அறும் ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 8-க்கு மேல் இருந்தால் நல்லது. அதற்காக அவசரப்பட உரிமை கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

ஏனென்றால் முதல் சில வாரங்களில் பலவீனமான இடம் நாணே அல்ல, அதை எலும்பில் பிடித்து வைத்திருக்கும் திருகாணியும் பொத்தானும்தான். அவற்றின் தாங்கும் திறன் கிராஃப்டின் திறனில் ஒரு பங்குதான். எலும்புத் துளைக்குள் நாண் வேர் பிடித்து ஒட்டிக்கொள்ள எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். சில்லுக்குக் கீழிருந்து எடுக்கும் கிராஃப்டின் இரு முனைகளிலும் எலும்புத் துண்டு இருப்பதால், எலும்போடு எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும். அதன் மெய்யான சிறப்பு இந்த விரைவுதான், நியூட்டன் எண்ணிக்கை அல்ல. பதிலுக்கு முன்பக்க வலியும், மண்டியிட்டு உட்காரும்போது உறுத்தலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். உங்கள் மருத்துவர் செய்த தேர்வு தவறில்லை. அதை நினைத்து மனம் உழல வேண்டாம்.

நான் உங்களை அழுத்திச் சொல்லித் தடுப்பதற்குக் காரணம் அடுத்து வருவது. தசைநாணை அதன் இடத்திலிருந்து எடுத்ததும் அதன் இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. உள்ளே வைத்தபின் அதன் செல்கள் பெரும்பாலும் இறந்துபோகின்றன. மிஞ்சுவது வெறும் கொலாஜன் சட்டகம். அதற்குள் புதிய இரத்தக்குழாய்கள் நுழைகின்றன, புதிய செல்கள் குடியேறுகின்றன, பழைய இழைகளைக் கரைத்துப் புதிய இழைகளைப் பின்னுகின்றன. கரைப்பது முந்திக்கொள்கிறது, பின்னுவது மெதுவாகத் தொடர்கிறது. பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே சுவரை ஒவ்வொன்றாக இடித்துக் கட்டுவதைப் போன்ற நிலை. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில், முதல் சில மாதங்களில் கிராஃப்டின் வலு வைத்த நாளில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்தது. ஓராண்டுக்குப் பிறகும் மூல ஏசிஎல்லின் பாதி வலுவை எட்டாதவை பல. மனித முழங்காலில் இந்தப் புதுப்பிப்பு ஓராண்டைத் தாண்டியும் நடக்கிறது.

வலி இல்லை என்கிறீர்கள். வலிக்காது, தம்பி. மூல ஏசிஎல்லுக்குள் நரம்பு முனைகள் உண்டு. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பவை அவை. புதிய கிராஃப்டில் அவை இல்லை. அது தளர்ந்தாலும் உங்களுக்குச் செய்தி வராது. தோலும் சதையும் ஆறி, நடை சீராகி, நம்பிக்கை திரும்பும் அதே மாதங்களில்தான் கிராஃப்ட் மிக மெலிந்து கிடக்கிறது. நடப்பதும் படி ஏறுவதும் தாங்கும் திறனில் சிறு பங்கையே கேட்கின்றன. கணுக்காலை ஒருவர் பிடித்திருக்க, நடுக்கோட்டைத் தொட உடலைத் திருப்பிப் பாயும்போது மூட்டில் விழும் முறுக்கு வேறு வகை.

வலுவான கயிறுதான் விடை என்று நம்பிய காலமும் இருந்தது. 1980-களில் கோர்டெக்ஸ் என்ற செயற்கை இழையால் ஆன நார்களைப் பொருத்தினார்கள். இயந்திரத்தில் அவை 5,000 நியூட்டனைத் தாண்டின. மூட்டுக்குள் போனபின் தேய்ந்தன, துகள்கள் உதிர்ந்து உட்சவ்வு வீங்கியது, பலருக்கு அறுந்தே போயின. உங்களுடையதோ தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் உயிருள்ள நாண். அதற்கு அவகாசம் மட்டும் வேண்டும்.

எவ்வளவு அவகாசம்? நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குக் கைவிளக்கு. ஒன்பது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய ஆபத்து பாதியளவு குறைந்தது. திரும்பும் முன் தசைவலு, தாவல் சோதனைகளில் தேறாதவர்களில் 38 சதவீதம் பேருக்கு மீண்டும் காயம். தேறியவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே ஒன்பது மாதம் முடியட்டும். முன்தொடைத் தசை மறுகாலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்டட்டும். ஒற்றைக்காலில் தாவும் தூரமும் அப்படியே. இவற்றை பிசியோதெரபிஸ்ட் அளந்து எழுதித் தர வேண்டும். கண்ணால் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்பது கணக்கில் வராது. இடையில் மூட்டு நழுவினாலோ, வீங்கினாலோ, நீட்ட முடியாமல் போனாலோ உங்கள் அறுவை மருத்துவரை உடனே பாருங்கள்.

எடுத்த நாண் வளருமா என்று கேட்டீர்கள். பெரும்பாலானோருக்கு வளர்கிறது. பல்லிக்கு வால் முளைப்பதைப் போல, எடுத்த தடத்திலேயே நாண் போன்ற ஒன்று மீண்டும் உருவாவதை எம்ஆர்ஐ படங்களில் காண்கிறோம். ஆனால் பழையபடி அதே இடத்தில் போய் ஒட்டுவதில்லை. சற்று மேலேயே நின்றுவிடும். அதனால் குப்புறப் படுத்துக்கொண்டு குதிகாலைப் பிட்டம் வரை மடக்கும்போது, கடைசிக் கட்டத்தில் மறுகாலைவிடச் சற்று வலுக் குறைவாக உணர்வீர்கள். அந்தப் பயிற்சியை எடை சேர்த்துச் செய்ய எப்போது தொடங்கலாம் என்று உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் இந்த வாரமே கேளுங்கள்.